உப்புக் காற்றில் கல்தளம்: இராமநாதபுரம் கரையில் கல் பாவிய இடங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி?

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசல், ஏர்வாடியில் தர்காவுக்குப் போகும் தெருவோரம், தேவிபட்டினத்தில் கடலுக்கு இறங்கும் பாதை, கீழக்கரையில் பள்ளிவாசல் முற்றம், மண்டபத்தில் மீன் ஏலம் விடும் தளம். கல் பாவிய இடம் எதுவானாலும் அதைக் கூட்டிக் கழுவிச் சரிபார்க்கும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழுந்திருக்கும். பெரும்பாலும் அவருக்கு அந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த லாட்ஜ் சூப்பர்வைசர், ஜமாத்திலோ பங்கிலோ மேற்பார்வை பார்க்கிறவர், ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்திருக்கும் பையன், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கோயில்களின் கற்களுக்கு இது பொருந்தாது. அங்கே கல்வெட்டு இருக்கும், சுதை இருக்கும், நூற்றாண்டுகளாகத் தேய்ந்த தளம் இருக்கும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும். துடைப்பத்தையும் நல்ல தண்ணீரையும் தவிர வேறு எதையும் அங்கே நாமாக எடுத்துப் போகக் கூடாது.

இங்கே கல்லுக்கு என்ன ஆகிறது

மதுரையிலோ கோவையிலோ கல்தளம் பார்த்த அனுபவம் இங்கே பாதிதான் செல்லும். அங்கே தளம் அழுக்காலும் தேய்மானத்தாலும் கெடும். நம் கரையில் அதைக் கெடுப்பது உப்பு. கடல் காற்றோடு வரும் தூவானம், கடலில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு நடப்பவர்கள் சொட்டிக்கொண்டு போகும் தண்ணீர், அடிமண்ணிலிருந்து மேலே ஏறும் கசிவு, நாமே கழுவுகிறோம் என்று ஊற்றும் போர் தண்ணீர் என்று நாலு வழியாகக் கல்லுக்குள் உப்பு இறங்குகிறது.

இறங்கிய உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே வந்தால் மறுபடி படிகமாகும். நம் பக்கத்தில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவதும் பகல் வெயிலில் இறங்குவதும் வழக்கம்தான். அதனால் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு கரைவதும் படிவதும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை படியும்போதும் துளையின் சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. ஓரிரு வருஷத்தில் கல்லின் மேல்தோல் அப்பளம் போல ஏடு ஏடாகக் கிளம்பும். "மட்டமான கல்லைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கல் விற்றவரைத் திட்டுவார்கள். பல இடங்களில் கல் நல்ல கல்தான். பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டு அதற்கு நாள் தவறாமல் உப்பு ஊட்டியிருப்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும். உள்ளே உப்பு போகாமல் பார்ப்பது, போன உப்பை வெளியே எடுப்பது, கல் மூச்சு விட வழி வைப்பது, இவ்வளவுதான் வேலை.

முதல் வேலை: காலடியில் இருப்பது என்ன கல்?

இராமேஸ்வரம் தீவில் பாறை கிடையாது. மணலும் பவளத்திட்டும்தான். அங்கே நீங்கள் பார்க்கும் கருங்கல் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தது. கரையோர ஊர்களிலும் கதை அதுதான். அதனால் ஒரே முற்றத்தில் மூன்று காலத்தில் வந்த மூன்று வகைக் கல் கலந்து கிடக்கும். எது எது என்று தெரியாமல் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

கருங்கல் கெட்டி. தண்ணீரை அதிகம் குடிக்காது. உப்பை நன்றாகத் தாங்கும். கறுப்பாக, மலிவாக, லாட்ஜ் வாசலெங்கும் கிடப்பது கடப்பா. பச்சை கலந்த சாம்பலாகவோ பழுப்பாகவோ இருப்பது இராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா. இந்த இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. புதிதாக அழகுபடுத்திய பாதைகளில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக மணற்கல் போட்டிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் உப்புக்கு முதலில் பலியாகிறதும் பெரும்பாலும் அதுதான்.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனை போதும். உடைந்த சில்லு ஒன்றை எடுத்து, தளத்திலிருந்து தள்ளி வைத்து, நீர்த்த ஆசிட் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். இது சில்லில் மட்டும், தளத்தின் மேல் வேண்டாம். அடுத்தது, காய்ந்த கல்லின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையிலிருக்கும் டீயைக் குடித்து முடிக்கும் வரை கவனியுங்கள். தண்ணீர் முத்தாகவே நின்றால் கல் அடர்த்தியானது. அதற்குள் கறுத்து உள்ளே போய்விட்டால் அது உப்புத் தண்ணீரையும் அப்படியேதான் குடிக்கும்.

பழைய வீடுகளில் சுவரோரமும் படியிலும் பவளக்கல் இருக்கலாம். தேனடை மாதிரித் துளை இருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அது பெயர்ந்தால் கடலிலிருந்து புதிதாக எடுத்து வைக்கிற எண்ணமே வேண்டாம். பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. எடுத்தால் வழக்குதான். இருக்கிற துண்டையே சுண்ணாம்புக் காரை வைத்துத் திரும்பப் பொருத்துங்கள்.

பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் படமாகப் போட்டு வையுங்கள். எந்த இடத்தில் என்ன கல், எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை, உங்களுக்குப் புரிந்தால் போதும்.

இரண்டாவது: எந்தத் தண்ணீர்?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. 15 லிட்டர் வாளி ஒன்றில் அரைக் கிலோ. கடலோரக் கடைகளில் ஒரு வாளி மொண்டு வந்து வாசலில் வீசி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரைக் கிலோ உப்பை வாசலில் கொட்டித் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். தண்ணீர் வெயிலில் போய்விடும், உப்பு போகாது.

போர் தண்ணீரும் இங்கே பல இடங்களில் உவர்ப்புதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. உங்கள் போர் 3,000 காட்டினால், 100 லிட்டர் ஊற்றிக் காயவிடும் ஒவ்வொரு தடவையும் 300 கிராம் உப்பு தளத்தில் தங்குகிறது என்று கணக்கு.

சரி, குடிக்கவே குடம் தூக்கும் ஊரில் தளம் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. முழுக்க நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லவில்லை. தேய்ப்பதற்குப் போர் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். அலசிய தண்ணீரைத் தேங்க விடாமல் ரப்பர் வைப்பரால் தள்ளி வடிகாலில் விட்டுவிடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் நல்ல தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

அந்தக் கடைசி அலசலுக்கான தண்ணீர் பல லாட்ஜ்களில் கையருகிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏ.சி. வெளிக்குழாயில் சொட்டுவது காற்றிலிருந்து குளிர்ந்து வடியும் நீர், அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. குழாய்களைச் சேர்த்து ஒரு டிரம்முக்கு விட்டால் ஏ.சி. ஓடும் நாளெல்லாம் தண்ணீர் சேரும். கொசு வராமல் மூடி மட்டும் போடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதே சொட்டுதான் பல வாசல்களில் ஒரே இடத்தில் விழுந்து பாசி பிடிக்க வைக்கிறது.

மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதைவிட உத்தமம். ஊரணி வெட்டி மழையைத் தேக்கிய மாவட்டம் இது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கோடை பற்றி ஒரு வார்த்தை. சித்திரையில் கறுப்புக் கடப்பாவில் வெறுங்காலை வைக்க முடியாது. பக்தர்கள் துள்ளித் துள்ளி ஓடுவதைப் பார்த்துவிட்டு இரக்கப்பட்டு மணிக்கொரு தடவை போர் தண்ணீரைத் தெளிப்பார்கள். எண்ணம் நல்லது. ஆனால் கொதிக்கும் கல்லில் உவர்நீரைத் தெளிப்பது உப்பளத்தில் பாத்தி கட்டுவதற்குச் சமம். அதற்குப் பதில் நடைபாதைக்கு மட்டும் தென்னை நார் விரிப்புப் போடுங்கள், பந்தல் போட முடிந்தால் போடுங்கள். விரிப்பை இரவில் சுருட்டிக் காயவைக்க மறக்காதீர்கள். ஈர விரிப்புக்கு அடியில் கல் காயவே காயாது.

மூன்றாவது: தினமும் கூட்டுவது

கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கடப்பாவையும் கோட்டாவையும் விடப் பல மடங்கு கெட்டி. அதன் மேல் நாளெல்லாம் ஆயிரக்கணக்கான கால்கள் நடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாற்போல மெருகு போய்விடும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலையில் கூட்டிய இடம் மத்தியானமே மணலாகக் கிடக்கும். அந்த மாதங்களில் இரண்டு வேளையும் கூட்டுங்கள். காய்ந்த தளத்தில் தென்னை ஈர்க்குத் துடைப்பம் போதும். மணலை இணைப்புகளுக்குள் தள்ளாமல் வெளிப்பக்கமாகக் கூட்ட வேண்டும். கூட்டிய மணலை வாசலோரம் குவித்து வைத்தால் சாயங்காலக் காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டும், அப்புறப்படுத்திவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து வருபவர்கள் தளத்தில் ஏறும் இடத்தில் கால் கழுவ ஒரு குழாயும், அடியில் கம்பிவலை போட்ட சிறு தொட்டியும் வைத்தால் பாதி மணல் அங்கேயே நின்றுவிடும். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் கடைக்காரர்களுக்கு இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

நாலாவது: கழுவும் முறை

வாரம் ஒருமுறை கழுவினால் போதும், மீன் தளமானால் தினமும். கூட்டிய பிறகுதான் தண்ணீர். அமிலமும் காரமும் இல்லாத, pH 7-க்கு அருகில் உள்ள மென்மையான சோப்புத் திரவத்தைக் கலந்து, நைலான் பிரஷ்ஷாலோ நார் பிரஷ்ஷாலோ தேய்த்து, அலசி, வைப்பரால் தள்ளுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துகள் கல்லில் ஒட்டிக்கொண்டு இந்தக் காற்றில் இரண்டு மூன்று நாளில் துருப்புள்ளியாகிவிடும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் விசிறி போல விரியும் நாசிலைப் போட்டு, ஒரு முழம் தள்ளி, சாய்வாகப் பிடிக்க வேண்டும். ஊசி போலப் பீறிடும் நாசிலை இணைப்பில் காட்டினால் உள்ளே நிரப்பியிருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். மணற்கல்லுக்கும் ஏடு கிளம்பிய கடப்பாவுக்கும் வாஷரே வேண்டாம்.

இப்போது ஆசிட். ஹார்டுவேர் கடையில் கேட்டால் "அண்ணே, இதை ஊத்தித் தேயுங்க, பளிச்சுன்னு ஆயிரும்" என்று பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள். கடப்பாவிலும் கோட்டாவிலும் ஆசிட் பட்டால் கல்லே கரைகிறது. பளிச்சென்று தெரிவது அரிபட்ட புது முகம். அந்த முகத்தில் துளை அதிகம், அடுத்த மாதம் இரண்டு மடங்கு அழுக்குப் பிடிக்கும். கருங்கல் உடனே கரையாது என்றாலும் அதிலுள்ள இரும்புச் சத்துக் கிளம்பி மஞ்சளாகக் கறை படியலாம். போதாததற்கு ஆசிட்டும் கல்லும் சேர்ந்து புதிதாக ஒரு உப்பை உள்ளே விட்டுவிட்டுப் போகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ போட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. கழுவுகிற அக்காமார்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சோப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீரை நேரே கடலுக்கு விடும் வாய்க்கால் இருந்தால் அதை உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள்.

கறைகள்

எண்ணெய்தான் தலைவலி. விளக்கு எண்ணெய், பஜ்ஜிக் கடை எண்ணெய், மீன் எண்ணெய், ஆட்டோ டீசல் எதுவானாலும் முதல் வேலை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவும். மரத்தூளையோ டால்கம் பவுடரையோ தாராளமாகக் கொட்டி ஒரு ராத்திரி விட்டுக் கூட்டுங்கள். மிச்சத்துக்குப் பற்றுப் போட வேண்டும். சோப்புத் திரவத்தில் சாக்பீஸ் தூளைக் குழைத்து அரை விரல் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒருநாள் கழித்துத் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். கறை பழசானால் இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும்.

வெற்றிலை எச்சில் கறைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாக வேலை செய்யும். பஞ்சில் நனைத்து வைத்துவிட்டு அலசினால் போதும். மஞ்சள் கறைக்கு அவசரப்பட வேண்டாம், வெயிலே வெளுத்துவிடும். குங்குமம் ஈரமாகும் முன் கூட்டி எடுத்துவிடுங்கள். எலுமிச்சைப் பழம் நசுக்கும் இடம், தேங்காய் உடைக்கும் இடம் இரண்டும் கருங்கல்லாகவே இருக்கட்டும். எலுமிச்சைச் சாறும் அமிலம்தானே, கடப்பாவில் வெள்ளைத் தழும்பு விழும்.

துருக் கறையைத் தேய்ப்பதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கைப்பிடிக் கம்பி, சைன்போர்டுக் கால், மீன் தள்ளுவண்டிச் சக்கரம், கல்லுக்கடியில் மறந்துபோன ஆணி. பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே காலமெல்லாம் துருவோடு போராட்டமாக இருந்தது என்றால் நம் கம்பி எம்மாத்திரம்? புதிதாகப் போடும் கைப்பிடிகளுக்கு எஸ்.எஸ். 316 ரகம் கேளுங்கள், 304 இங்கே கறைபிடிக்கும்.

வெள்ளை பூத்திருந்தால்

இணைப்போரங்களில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்ததும் ஈரத்துணி எடுக்காதீர்கள். நனைத்தால் அந்த உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அப்படி அள்ளிய ஒவ்வொரு கையளவும் கல்லைவிட்டு நிரந்தரமாகப் போன உப்பு.

அள்ளியதில் கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்து காணாமல் போனால் கடல் உப்பு அல்லது மண் உப்பு. கரையாமல் அடியில் தங்கி, வினிகர் விட்டால் நுரைத்தால், அது காரையிலிருந்து வடிந்த சுண்ணாம்பு. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர கல்லை அவ்வளவாகக் கெடுக்காது.

உப்பு என்று தெரிந்து, கல்லும் பொரிய ஆரம்பித்திருந்தால் காகிதக் கூழ்ப் பற்றுப் போடலாம். அச்சிடாத வெள்ளைக் காகிதத்தை ஏ.சி. நீரிலோ மழைநீரிலோ ஊறவைத்துப் பிசைந்து, கல்லை நனைத்துவிட்டு, ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி இல்லாமல் அப்புங்கள். மூடக் கூடாது. காற்றில் அது காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்புநீர் கூழுக்குள் ஏறும். முழுக்கக் காய்ந்ததும் உரித்து எறியுங்கள். அதையே திரும்ப நனைத்துப் போட்டால் எடுத்த உப்பு திரும்பப் போய்விடும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதுக் கூழ். உரித்த கூழைத் தண்ணீரில் ஊறவைத்து டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். அளவு தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வரும். குறைவது நின்றதும் நிறுத்தலாம்.

பாசி

ஐப்பசி கார்த்திகையில் மழையும் கூட்டமும் ஒன்றாக வரும். நம் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதே நேரம்தான் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வண்டி வண்டியாக இராமேஸ்வரம் வருகிறார்கள். வெறுங்கால், ஈரவேட்டி, பாசித் தளம். வயதானவர்கள் இடுப்பெலும்பு முறிய விழுவது இப்படித்தான்.

அதனால் புரட்டாசிக்குள் பாசி வேலையை முடித்துவிடுங்கள். காய்ந்திருக்கும்போதே பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி எடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் பச்சைக் குழம்பாகத் துளைக்குள் இறங்கும். மிச்சத்துக்கு பென்சால்கோனியம் குளோரைடு கலந்த பாசிக்கொல்லியைப் பாட்டிலில் போட்ட அளவுக்குக் கலந்து தெளித்து, சொன்ன நேரம் விட்டு, அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதுவும் குளோரைடு உப்பை விட்டுவிட்டுப் போவதால் அதை வாராந்திரப் பழக்கமாக்க வேண்டாம்.

பாசி வந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். வாட்டத்தைப் பாருங்கள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் நீர் ஓடும். வழுக்கும் இடத்தில் மெருகேற்றிய கல் இருந்தால் கல்தச்சரைக் கூப்பிட்டு மேலே உளியால் புள்ளி கொத்தச் சொல்லலாம், கருங்கல்லுக்கு மட்டும். ஏடுள்ள கடப்பாவில் கொத்தினால் பெயர்ந்துவிடும். வழுக்காமல் இருக்கவும் சூடு தாக்காமல் இருக்கவும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதும் ஒரு வழக்கம். மணல் கலக்காத பெயிண்ட் ஈரத்தில் வெறும் கல்லைவிட மோசமாக வழுக்கும், கல்லின் மூச்சையும் அடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆடும் கல்லைத் திரும்பப் பதிப்பது

மாதம் ஒருமுறை சுத்தியல் பிடியால் கற்களைத் தட்டிக்கொண்டே நடங்கள். "ணங்" என்றால் அடியில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. "தொப்" என்றால் அடியில் வெற்றிடம். பக்கத்துக் கல்லைவிட அரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பியிருந்தால் கால் இடறும். அன்றைக்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள்.

பதிப்பதற்குக் கொத்தனாரும் ஒரு ஆளும் போதும். சுற்றிலும் இணைப்பைச் சுரண்டி எடுத்த பிறகு, இரண்டு பக்கமும் கடப்பாரையை மரச்சக்கை வைத்துக் கொடுத்து நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் மூலை தெறிக்கும். தூக்கிய கல்லின் அடியைப் பாருங்கள். அடி ஈரமாக, வெள்ளை பூத்து இருந்தால் கீழிருந்து உப்புநீர் ஏறுகிறது. அங்கே ஒரு சாண் தோண்டி ஜல்லி நிரப்பினால் கசிவு மேலே ஏறாது. மணல் அரித்து ஓடிப்போயிருந்தால் ஓரக்கல் எங்கோ பெயர்ந்திருக்கிறது என்று தேடுங்கள். நம் கரையில் அடிமண் வெறும் மணல், ஓரத்தில் கட்டு இல்லாவிட்டால் அது நழுவிக்கொண்டே இருக்கும். ஓரத்தைக் கட்டாமல் நடுவில் எத்தனை தடவை பதித்தாலும் நிற்காது.

படுக்கைக்கு எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பேபி ஜல்லியும். கடல் மணல் பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று அள்ளாதீர்கள். உப்பு இருப்பது ஒருபுறம், அதன் மணிகள் உருண்டையாக இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. எம்-சாண்ட் கோணல்மாணலாக உடைந்திருப்பதால் இறுகும். திமிசுக்கட்டையால் இடித்து, மேலே ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை தளர்வாகப் பரப்பி, கல்லைச் சற்று மேடாக வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ரசமட்டம் வைத்து வாட்டம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்புக்கு எதைப் போடுவது என்பதில் கொத்தனாருக்கும் எனக்கும் வாக்குவாதம் வராத வேலை குறைவு. அவர் கெட்டியாக சிமென்ட் போட்டு மூடப் பார்ப்பார். மணற்கல்லிலும் பழைய சுண்ணாம்புக்கல்லிலும் சிமென்ட் இணைப்பு கல்லைவிடக் கெட்டியாகிவிடும். ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல்லின் ஓரம் வழியாக வெளியேறும், உப்பும் அங்கேயே படிந்து ஓரம் உதிரும். இணைப்பு உதிர்ந்தால் சுரண்டிவிட்டுத் திரும்ப நிரப்பலாம். கல் உதிர்ந்தால் கல்லையே மாற்ற வேண்டும். அதனால் மென்கல்லுக்குச் சுண்ணாம்புக் காரை. கருங்கல்லுக்கு சிமென்ட் இருக்கலாம், நல்ல தண்ணீரில் குழைத்து நல்ல தண்ணீரில் நனைத்தால். மணல் படுக்கையில் பதித்த கல்லுக்கு எம்-சாண்ட் பொடியைக் கூட்டி நிரப்பினாலே போதும், மழைக்குப் பிறகு ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சீலர் அடிக்கலாமா?

கல்லுக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசும் திரவம்தான் சீலர். அடிக்கலாம், உள்ளே உப்பு இல்லை என்று உறுதியான பிறகு. மேலே படலமாகப் பளபளக்கும் சீலர் வேண்டாம். உள்ளே ஊறி நீரை விலக்கும், ஆனால் ஆவியை வெளியே விடும் சிலேன்-சிலோக்சேன் வகையைக் கேட்டு வாங்குங்கள். கல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மாசி, பங்குனி அதற்கு ஏற்ற காலம். முதலில் ஒரு மூலையில் இரண்டு கல்லுக்கு அடித்து ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். உப்பு நிறைந்த கல்லில் அடித்தால் தோலுக்கு அடியிலேயே படிகம் கட்டி, ஒரு வருஷத்தில் மேல்தோல் தட்டுத் தட்டாகப் பிரியும். அடிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கல் இன்னும் பல வருஷம் இருந்திருக்கும்.

எந்த மாதம் எந்த வேலை

தை அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு மாசி பங்குனியில் தளம் முழுக்கச் சோதித்து, பற்று, சீலர் போன்ற வேலைகள். சித்திரை முதல் ஆனி வரை கல் பதிக்கும் வேலை. மீன் இறங்கும் தளங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இயற்கையாகக் கிடைக்கும் விடுமுறை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், தளம் காயும், காரை இறுக நேரம் கிடைக்கும். ஆடி அமாவாசைக்கு முன்பாக ஆடும் கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இராமேஸ்வரத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் அன்றைக்குத் தளத்தைப் பார்க்கவே இடம் இருக்காது. புரட்டாசியில் பாசியும் வடிகாலும். மழை பெய்யும் மாதங்களில் வேறு எதுவும் செய்யாமல் கூட்டிக்கொண்டும் தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டும் இருந்தால் போதும். மழை நமக்காக உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறது, அது வடியும் வழியைத் திறந்து வைப்பது மட்டும் நம் வேலை.

கடைசியாக ஒரு வாங்கல் யோசனை. புதிதாகக் கல் இறக்கும்போது நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக வாங்குங்கள். தண்ணீர் லாரியோ வேனோ ஏறும் இடமென்றால் மூன்று அங்குலக் கனத்துக்குக் குறைந்த கல் வேண்டாம், ஓர் அங்குலக் கடப்பா முதல் லாரியிலேயே உடையும். கூடுதல் கல்லைக் கொல்லையில் மண்ணில் சாய்த்து வைக்காமல், கூரைக்கடியில் மரச்சட்டத்தின் மேல் நிறுத்தி வையுங்கள். எந்தக் கடை, எந்த வருஷம், எந்த ரகம் என்று நோட்டில் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே நிறத்தைத் தேடி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்காது.